ஓவியத்துக்கு ஒரு வயது, தரைக்கு ஒரு வயது: பாறை ஒதுக்குகளின் காலக்கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், எழும்பூர் அருங்காட்சியகத்தின் கற்கருவி அலமாரிகளுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். கல்லூரி மாணவர்கள் வருவார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்களும் வருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பாறை ஓவியத்தில் வந்து நிற்கும், உடனே "இது எத்தனை ஆயிரம் வருஷம் சார்?" என்ற கேள்வி வந்துவிடும். அங்கே கேட்டவை, அப்புறம் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போய்விட்டன. விஷயம் அப்படிப்பட்டது.

பாறை ஒதுக்கு என்றால் குகைதானே?

இல்லை. குகை உள்ளே ஆழமாகப் போகும், இருட்டாக இருக்கும். பாறை ஒதுக்கு என்பது மழைக்கு ஒதுங்குகிற மாதிரி மேலே பாறை கூரையாக நீட்டிக்கொண்டிருக்க, முன்பக்கம் திறந்து கிடக்கும் இடம். வெளிச்சம் வரும், காற்று வரும், மழைச்சாரலும் கொஞ்சம் வரும். ஆதிமனிதர்கள் தங்கினது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். நம் பேச்சு வழக்கில் இரண்டையும் 'குகை' என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் காலக்கணிப்பு என்று வந்தால் இந்த வித்தியாசம் முக்கியம். திறந்த இடத்தில் மண் சேருகிற விதமே வேறு, ஓவியம் அழிகிற விதமும் வேறு.

சுவரில் ஓவியம் இருக்கிறது, கீழே தோண்டினால் கற்கருவி கிடைக்கிறது. இரண்டும் ஒரே ஆட்களுடைய வேலைதானே?

எல்லாத் தப்பும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ எண்பது வருடப் பழைய ஓட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை இருக்கும். அதைச் சுரண்டினால் அடியில் நீலம், அதற்கும் அடியில் பழைய சுண்ணாம்பு. தரையில் பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட டைல்ஸ், அதன் கீழே சிவப்பு ஆக்சைடு தரை, அதன் கீழே முதலில் வீடு கட்டினவர் போட்ட மண். இப்போது ஒருவர் வந்து, "இந்த நீலச் சுண்ணாம்பை அடித்தவர் எந்தத் தரையில் நின்று அடித்தார்?" என்று கேட்டால் உங்களால் சட்டென்று சொல்ல முடியுமா? சுவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, தரையை மட்டும் பார்த்தும் சொல்ல முடியாது. இரண்டையும் இணைக்கிற ஒரு தடயம் வேண்டும். நீலச் சுண்ணாம்பு ஒரு சொட்டு சிவப்புத் தரைமேல் விழுந்து காய்ந்திருந்தால், அப்போது சொல்லலாம்.

பாறை ஒதுக்கிலும் நிலைமை இதுதான். தரை மண்ணின் அடுக்குகளுக்கு ஒரு வரலாறு, சுவர் ஓவியங்களுக்கு இன்னொரு வரலாறு. ஒரே இடத்தில் ஐம்பதாயிரம் ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு கூட்டத்தார் வந்து தங்கியிருக்கலாம். அவர்களில் ஒரு கூட்டம் மட்டும் வரைந்திருக்கலாம், அல்லது அங்கே தங்காமலே, வழிபாட்டுக்கு வந்த யாரோ வரைந்திருக்கலாம். "அடியில் கிடைத்த கருவி ஒரு லட்சம் ஆண்டு, ஆகவே ஓவியமும் ஒரு லட்சம் ஆண்டு" என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சரி, தரையின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் அடுக்கு. கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது, யாரும் கிளறிவிடாத வரை. குழியைச் செங்குத்தாக வெட்டி, அதன் சுவரைக் கொத்துக்கரண்டியால் மழித்தது போலச் சீராக்குவார்கள். அப்புறம் சாய்ந்த வெயிலில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மேலே தூசு மாதிரி சாம்பல் நிற மண், அதன் கீழே பழுப்பு, நடுவில் ஒரு விரல் தடிமனில் கறுப்புக் கோடு. அந்தக் கறுப்புக் கோட்டின் அடியில் மண் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் அது அடுப்பு. யாரோ அந்த இடத்திலேயே தீ மூட்டியிருக்கிறார்கள், சூட்டில் கீழ் மண் வெந்து சிவந்திருக்கிறது. வேறு எங்கோ எரிந்த கரியை மழைநீர் அடித்துக்கொண்டு வந்து போட்டிருந்தால் அடியில் அந்தச் சிவப்பு இருக்காது. இதை முதல்முறை ஒருவர் காட்டிக்கொடுத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருத்தி குனிந்து ஊதிய அடுப்பு, ஒரு சாண் நீளத்துக்குக் கோடாகக் கிடந்தது.

அந்த அடுப்பின் கரிதான் ரேடியோ கார்பன் முறைக்குப் போகும். உயிரோடு இருக்கும்வரை மரமும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்தபின் வரவு நின்றுவிடும், உள்ளே இருப்பது கரைய ஆரம்பிக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடலாம். அமெரிக்க வேதியியலாளர் வில்லார்டு லிப்பி 1940களின் கடைசியில் உருவாக்கிய முறை இது, 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்பெல்லாம் ஒரு கைப்பிடிக் கரி வேண்டியிருந்தது. இப்போது ஏஎம்எஸ் என்ற முடுக்கி முறையில் அரிசிமணி அளவு கரியே தாராளம். கீழடி மாதிரிகளுக்குச் செய்ததும் இந்த ஏஎம்எஸ் சோதனைதான்.

அடுப்புக் கரி கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. கரி சொல்வது மரம் செத்த தேதியை, தீ மூட்டிய தேதியை அல்ல. முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் வைரப் பகுதி, மரம் நிற்கும்போதே செத்த பகுதிதான். அதை விறகாக்கினால் அடுப்பின் வயதில் முந்நூறு ஆண்டு கூடிவிடும். அதனால் முடிந்தவரை சுள்ளி, விதை, கொட்டை ஓடு என்று குறைந்த ஆயுள் உள்ளதைத் தேடி எடுக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் நெல்மணிக்கு வயது பார்த்தார்கள் என்று செய்தி வந்தபோது துறையில் உள்ளவர்கள் மகிழ்ந்ததற்கு இதுவும் காரணம், நெல் ஒரு பருவத்துப் பொருள்.

நத்தை ஓடு, கிளிஞ்சல் வைத்தும் பார்க்கலாம், ஆனால் சுண்ணாம்புக்கல் உள்ள பகுதியில் அந்த ஓட்டுக்குள் பாறையின் பழைய கார்பனும் கலந்துவிடும், வயது கூடுதலாகக் காட்டும். அதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். எலி வளை, கறையான் புற்று, மர வேர் எல்லாம் மேல்மண்ணைக் கீழேயும் கீழ்மண்ணை மேலேயும் கொண்டுபோகும். ஒரே ஒரு கரித்துண்டின் வயதை வைத்துக்கொண்டு ஒரு தளத்தின் வரலாற்றை எழுதக் கூடாது. ஒரே அடுக்கில் ஐந்தாறு மாதிரி, மேலடுக்கில் சில, கீழடுக்கில் சில. எல்லாம் வரிசையாக, கீழே போகப் போக வயது கூடிக்கொண்டே போனால்தான் நம்பிக்கை வரும்.

செய்தியில் "2,450 ± 30 பிபி" என்று போடுகிறார்களே, அப்படியென்றால்?

உதாரணத்துக்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பிபி என்றால் 'இன்றைக்கு முன்', ஆனால் அந்த 'இன்று' 1950ஆம் ஆண்டு. கூட்டல் கழித்தல் 30 என்பது அளவீட்டின் தடுமாற்ற எல்லை, உண்மையான எண் அந்த எல்லைக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். இது இன்னும் காலண்டர் ஆண்டாகவும் மாறவில்லை. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை, அதனால் மர வளையங்களை எண்ணியும், அதற்கும் பழைய காலத்துக்கு ஏரிப் படிவு, குகைச் சுண்ணாம்புப் படிவு போன்றவற்றை வைத்தும் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 2020இல் வந்த அட்டவணை 55,000 ஆண்டு வரை போகிறது. திருத்தாத எண்ணையும் திருத்திய எண்ணையும் கலந்து எழுதுவது செய்திகளில் அடிக்கடி நடக்கிறது. பழைய தளங்களில் அந்த வித்தியாசம் சில ஆயிரம் ஆண்டுகளாகக்கூட இருக்கும்.

50,000 ஆண்டுக்கு மேல் போனால்?

கார்பன் கைவிட்டுவிடும். பத்து முறை பாதியாகிவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. அதற்கப்புறம் ஒரு துளி நவீன அழுக்கு பட்டாலே கணக்கு தவறிவிடும். அந்த இடத்தில்தான் ஒளிர்வு முறை வருகிறது, ஓஎஸ்எல் என்பார்கள்.

மணலில் உள்ள குவார்ட்ஸ் துகளை ஒரு சின்ன உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் புதைந்தவுடன் சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வெயில் பட்டால் உண்டியல் காலியாகிவிடும். ஆகவே அந்தத் துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்பதை, சேர்ந்திருக்கும் அளவை வைத்து, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்துச் சொல்லலாம். மண்ணின் ஈரம் எவ்வளவு என்பதுகூடக் கணக்கில் வரும், தண்ணீர் கதிர்வீச்சை மறைக்கும்.

மாதிரி எடுப்பதைப் பார்க்க வேண்டும். குழிச் சுவரில் ஒரு இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள், கறுப்புத் தார்ப்பாயால் எல்லோரையும் மூடிக்கொண்டு. குழாய் நிரம்பியதும் உருவி, இரண்டு வாயையும் உடனே அடைத்து, கறுப்பு டேப் சுற்றி, மேலே எண் எழுதி பெட்டியில் வைப்பார்கள். ஒரு விநாடி வெயில் உள்ளே போனால் பல ஆயிரம் ஆண்டுக் கணக்கு அழிந்தது என்று அர்த்தம். ஆய்வகத்திலும் மங்கின சிவப்பு வெளிச்சத்தில்தான் திறப்பார்கள், பழைய போட்டோ ஸ்டூடியோ இருட்டறை மாதிரி.

சென்னைக்காரர்களுக்கு இந்த முறை சொந்தக்காரன் மாதிரி. நமக்கு அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தோண்டிய மண்ணை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் ஒளிர்வு முறையில் ஆராய்ந்துதான், இடைப் பழங்கற்காலக் கருவிகள் (கைக்கோடரிக்கு அடுத்த கட்டத்தவை) சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே அங்கே வந்துவிட்டன என்று 2018இல் வெளியிட்டார்கள். அதே தளத்தின் கைக்கோடரி அடுக்குகளுக்கு 2011இல் சொன்ன 15 லட்சம் ஆண்டு வேறு முறையில் வந்தது, காஸ்மிக் கதிரால் உண்டாகும் பெரிலியம், அலுமினியம் அணுக்களை அளந்தும் மண்ணில் பதிந்த காந்தத் திசையைப் பார்த்தும். அத்திரம்பாக்கம் திறந்தவெளித் தளம், ஓவியம் கிடையாது. ஒரு முறை எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்பதைக் காட்ட அதைச் சொன்னேன்.

மண்துகளின் வயதும் பக்கத்தில் கிடந்த கருவியின் வயதும் ஒன்று என்று எப்படி உறுதி?

நல்ல கேள்வி, நிபுணர்களே சண்டை போடுகிற கேள்வி. ஆஸ்திரேலியாவின் வடக்கில் மஜெட்பெபெ என்று ஒரு பாறை ஒதுக்கு, மிரார் பழங்குடியினரின் நிலத்தில். சுவர் முழுக்க ஓவியம். 2012லும் 2015லும் தோண்டி, ஒவ்வொரு மணல் துகளாக ஒளிர்வு அளந்து, மனிதர்கள் அங்கே சுமார் 65,000 ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று 2017இல் அறிவித்தார்கள். உடனே மறுப்பும் வந்தது. மணலின் வயது சரியாகவே இருக்கலாம், ஆனால் கறையான் மணலைக் கிளறிக் கிளறி மேலே இருந்த கருவிகளைக் கீழே இறக்கியிருக்காது என்று யார் சொன்னது?

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. உடைந்த கல்லின் செதில்களை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள், ஜிக்சா புதிர் போல. பொருந்தும் இரண்டு துண்டுகள் ஒரே மட்டத்தில் கிடந்தால் மண் அசையவில்லை. ஒன்று மேலடுக்கிலும் மற்றது முக்கால் அடி கீழேயும் கிடந்தால் யாரோ, எதுவோ கிளறியிருக்கிறது. நாள்கணக்கில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, வயது எத்தனை என்று தலைப்புச் செய்தி வாசிக்கிறபோது இந்த உழைப்பு நமக்குத் தெரிவதில்லை.

பாறை ஒதுக்குக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. கூரைப் பாறை பொடிந்து உதிரும் துகள்கள் வெயிலே பார்க்காமல் நேராகத் தரையில் விழும். அவற்றின் உண்டியல் காலியாகியிருக்காது. கலந்து அளந்தால் வயது எக்கச்சக்கமாக ஏறிவிடும். துகள் துகளாக அளப்பது இதற்காகத்தான்.

சுவருக்கு வருவோம். அந்தச் சிவப்பு நிறத்தையே சோதித்து வயது சொல்ல முடியாதா?

பெரும்பாலும் முடியாது. சிவப்பு என்பது காவிக்கல், இரும்பு ஆக்சைடு. வெள்ளை என்பது வெள்ளைக் களிமண், அல்லது சுண்ணாம்பு. இரண்டுக்கும் உயிர் இருந்ததில்லை, கார்பன்-14 கிடையாது. காவிக்கல்லின் வயதைப் பார்த்தால் கோடிக்கணக்கான ஆண்டு வரும், அது கல் உருவான வயது. கரியால் வரைந்த கறுப்பு ஓவியம் என்றால் முடியும். பிரான்ஸின் ஷோவே குகை 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே சுவர்க் கரிக்கும் தரைக் கரிக்கும் தனித்தனியாக வயது பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின, பழைய கட்டம் 36,000 ஆண்டுகளைச் சுற்றி வருகிறது. குகை வாயிலைப் பாறைச் சரிவு மூடிய காலத்தையும் தனியாகக் கணித்திருக்கிறார்கள், சுமார் 21,500 ஆண்டு. கதவு அடைந்த தேதி தெரிந்துவிட்டால், உள்ளே இருப்பது எல்லாம் அதற்கு முந்தியது என்று ஆகிவிடுகிறது. இப்படி மூன்று பக்கமும் ஒத்துப்போகிற இடம் அபூர்வம்.

அப்படியானால் சிவப்பு ஓவியங்களுக்கு வழியே இல்லையா?

நேர்வழி இல்லை, சுற்றுவழி உண்டு. ஓவியத்தின் மேல் என்ன படிந்திருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மேலே படிந்ததன் வயது தெரிந்தால் ஓவியம் குறைந்தபட்சம் அவ்வளவு பழசு. அடியில் உள்ளதன் வயது தெரிந்தால் அதிகபட்சம் அவ்வளவு.

சுண்ணாம்புக்கல் பகுதிகளில் ஓவியத்தின் மேல் நீர் வழிந்து கால்சைட் படலம் படியும், பாத்ரூம் குழாயில் உப்புக் கறை படிகிற மாதிரி. அதில் யுரேனியம் இருக்கும், அது சிதைந்து தோரியமாகும். இந்த இரண்டின் விகிதம் வயதைச் சொல்லும், ஐந்து லட்சம் ஆண்டு வரைகூட. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் லேயாங் கரம்புவாங் என்ற இடத்தில் ஒரு பன்றியும் மனிதர் போன்ற மூன்று உருவங்களும் உள்ள ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024இல் சொன்னது இப்படித்தான். 'குறைந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள், செய்தியில் முதலில் விழுந்துபோவது அந்தச் சொல்தான்.

இன்னொரு முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, குளவிக் கூடு. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஓவியத்தின் மேலும் அடியிலும் கட்டின மண்கூடுகளிலிருந்து எடுத்த துணுக்குக் கரிக்கு வயது பார்த்து, ஒரு கங்காரு ஓவியம் சுமார் 17,300 ஆண்டு என்று 2021இல் வெளியிட்டார்கள். நம் வீட்டு ஜன்னல் மூலையில் குளவி கூடு கட்டினால் தட்டிவிடுகிறோம், அங்கே அதுவே சாட்சி சொல்கிறது.

சுவரையும் தரையையும் இணைக்கும் 'சொட்டு' கிடைத்த இடம் ஏதாவது உண்டா?

உண்டு, இந்தத் துறையிலேயே என்னை அதிகம் உலுக்குவது இதுதான். ஓவியம் உள்ள பாறைத் துண்டு ஒன்று சுவரிலிருந்து உதிர்ந்து விழுந்து மண்ணுக்குள் புதைந்துவிட்டால், அது விழுந்த அடுக்கின் வயது தெரியும். ஓவியம் அதற்கு முந்தியது, சந்தேகமே வேண்டாம். வட ஆஸ்திரேலியாவின் நவார்லா கபார்ன்மங் ஒதுக்கில், ஜவோயின் மக்களின் நிலம் அது, கரிக்கோடு உள்ள சிறு துண்டு ஒன்று அகழாய்வில் கிடைத்தது, அதன் வயது சுமார் 28,000 ஆண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் துண்டு. மண்ணைக் கழுவிப் பார்க்காதவர் கண்ணில் பட்டிருக்காது.

நமீபியாவில் 1969இல் ஒரு ஜெர்மானியத் தொல்லியலாளர் தோண்டிக்கொண்டிருந்த ஒதுக்கில், விலங்கு உருவங்கள் தீட்டிய கையடக்கப் பலகைக்கற்கள் மண்ணடுக்கிலேயே கிடைத்தன. நிலவுக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த நாட்கள் அவை, அதனால் அந்த இடத்துக்கு 'அப்பல்லோ 11' என்றே பெயர். பின்னால் இன்னொரு துண்டு கிடைத்து, முதல் துண்டோடு சேர்த்து வைத்தால் ஒரே விலங்காகப் பொருந்தியது. சுமார் 30,000 ஆண்டு என்கிறார்கள்.

துண்டு கிடைக்காவிட்டாலும் வண்ணம் கிடைக்கும். தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் சப்பையான காவிக்கல், காவி அரைத்த கல், தரையில் தெறித்த சிவப்பு. மஜெட்பெபெயின் அடி அடுக்கிலேயே தேய்ந்த காவிக்கற்கள் உண்டு. அங்கே வாழ்ந்தவர்கள் வண்ணத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அது போதுமான சான்று. அந்த வண்ணத்தால் வரைந்தது இன்று சுவரில் தெரிகிற இந்த ஓவியத்தைத்தானா என்பதற்குச் சான்று ஆகாது. உடம்பில் பூசிக்கொள்ளவும் தோலைப் பதப்படுத்தவும் காவி பயன்படும்.

பிம்பேட்கா ஓவியங்கள் லட்சம் ஆண்டுப் பழமை என்று படித்தேனே?

மத்தியப் பிரதேசத்தின் பிம்பேட்காவை 1957இல் தொல்லியலாளர் வி.எஸ். வாகண்கர் அடையாளம் கண்டார், 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. வி.என். மிஸ்ரா 1970களில் அங்கே ஒரு ஒதுக்கைத் தோண்டியபோது அடியில் கைக்கோடரிக் காலம், மேலே வர வர நுண்கற்கருவிக் காலம் என்று அடுக்கு அடுக்காகக் கிடைத்தது. அந்தத் தரை உண்மையிலேயே மிகப் பழையது. ஆனால் சுவரில் என்ன இருக்கிறது பாருங்கள்: குதிரை மேல் வீரர்கள், கையில் வாள், ஈட்டி. அவர்களைக் கைக்கோடரிக் காலத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. பழைய வேட்டைக் காட்சிகளும் உண்டு, புதியவையும் உண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த 'லட்சம்' தரையிலிருந்து சுவருக்கு ஏறிப்போன எண்.

அதே பிம்பேட்காவில் 2021இல் சுமார் 55 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா என்ற உயிரியின் புதைபடிவம் கூரையில் இருப்பதாகச் செய்தி வந்தது. மறுபடி போய்ப் பார்த்தவர்கள், அது பாறையிலிருந்து உரிந்து வருவதைக் கண்டு, தேன்கூட்டின் எச்சம் என்று 2023இல் எழுதினார்கள். முதலில் எழுதியவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஓவியங்கள் எவ்வளவு பழமை?

கீழ்வாலை, செத்தவரை, மல்லப்பாடி, கரிக்கியூர், குமிட்டிபதி, மாவடைப்பு என்று பட்டியல் நீளமானது. இவற்றுக்குச் சொல்லப்படும் வயது பெரும்பாலும் நிறம், பாணி, எது எதன் மேல் வரைந்திருக்கிறது, என்ன ஆயுதம், என்ன விலங்கு, பக்கத்தில் பெருங்கற்காலச் சின்னம் இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்துச் சொல்வது. சிவப்பு அடியிலும் வெள்ளை மேலேயும் இருந்தால் சிவப்பு முந்தியது, இது நிச்சயம். எவ்வளவு முந்தியது என்பது இதில் தெரியாது, மறுநாளாகவும் இருக்கலாம், ஆயிரம் ஆண்டாகவும் இருக்கலாம்.

நமக்கு ஒரு சங்கடம் பாறையிலேயே இருக்கிறது. நம் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல் இனம், சுண்ணாம்புக்கல் அல்ல. சுலவேசி மாதிரி தடிமனான கால்சைட் படலத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. மொட்டைப் பாறையில் மண்ணும் அதிகம் சேராது. ஆகவே மண் தேங்கியிருக்கிற ஒதுக்குகளைத் தேர்ந்தெடுத்து, நிதானமாகத் தோண்டி, உதிர்ந்த வண்ணத் துண்டைத் தேட வேண்டும். பக்கத்து ஆந்திராவில் கர்னூல் பகுதியின் ஜ்வாலாபுரத்தில் ஒரு பாறை ஒதுக்கைத் தோண்டி, நுண்கற்கருவிகள் சுமார் 35,000 ஆண்டுக்கு முன்பிருந்தே தொடர்ந்து வருவதை 2009இல் காட்டினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஓவியங்களும் நிறைய. நம் பக்கமும் இப்படி ஒரு வேலை நடக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கீழ்வாலையில் சிந்துவெளி எழுத்து இருக்கிறதாமே? அப்படியென்றால் 4,000 ஆண்டு உறுதிதானே?

கீழ்வாலைக் குறியீடுகள் சில சிந்துவெளிக் குறிகளைப் போல இருக்கின்றன என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒன்றைப் போல இன்னொன்று இருப்பது ஆராயத் தொடங்க ஒரு காரணம், அவ்வளவுதான். வட்டம், கட்டம், குறுக்குக்கோடு போட்ட சதுரம் எல்லாம் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் வரையக்கூடியவை. நம் மண்ணின் பழமை மேல் எனக்கும் உங்கள் அளவு ஆசை உண்டு. அந்த ஆசைக்காகவே வலுவான சான்று வேண்டும் என்கிறேன், நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி.

மாதிரி எடுத்தால் ஓவியம் கெட்டுவிடாதா?

படலத்தில் மிளகு அளவு எடுத்தால் போதும், அதையும் வண்ணத்தைத் தொடாமல் எடுக்கப் பார்ப்பார்கள். என்றாலும் போனது போனதுதான். அனுமதி இல்லாமல் யாரும் ஒரு துணுக்குகூட எடுக்கக் கூடாது.

சென்னையிலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய இடம் எது?

எழும்பூர் அலமாரியில் தொடங்குங்கள். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கண்டெடுத்த கல்லிலிருந்துதான் இந்தியாவின் கற்கால ஆய்வே தொடங்குகிறது, அவர் சேகரித்தவை அங்கேதான் இருக்கின்றன. அப்புறம் திருவள்ளூர் பக்கம் பூண்டி அருங்காட்சியகம், அதைத் தாண்டிக் குடியம் என்ற பாறை ஒதுக்கு. குடியம் ஒதுக்கைத் தொல்லியல் துறை 1960களில் தோண்டியிருக்கிறது. ஓவியம் தேடிப் போகாதீர்கள், அந்தக் கூரையின் பிரம்மாண்டத்துக்காகப் போங்கள், கூழாங்கற்கள் பதிந்த பாறை தலைக்கு மேலே வளைந்து நிற்கும். உள்ளே அம்மன் வழிபாடு இன்றும் உண்டு. அங்கே நின்றால், மனிதர்கள் இந்த இடத்தை விட்டு எப்போதுமே போகவில்லை என்று தோன்றும். ஓவியம் வேண்டுமென்றால் விழுப்புரம் பக்கம் கீழ்வாலை, காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

அங்கே போனால் என்ன செய்யக் கூடாது?

ஒருமுறை ஓவியத்தின் மேல் ஒருவர் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார், நிறம் பளிச்சென்று தெரியும், போட்டோ நன்றாக வரும் என்று. உண்மைதான், ஒரு நிமிடம் பளிச்சென்று தெரிந்தது. காயும்போது தண்ணீரில் உள்ள உப்பு மேலே வெள்ளையாகப் படியும், ஊற்றிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வண்ணம் இறங்கும். நாளைக்குச் சோதிக்க வேண்டிய படலமும் கெடும். எனக்கு அன்று அழுகை வந்தது. தண்ணீர் வேண்டாம், சாக்பீஸால் ஓரம் வரைய வேண்டாம், கை வைக்க வேண்டாம். நிறம் மங்கலாக இருந்தால் சாதாரணமாகப் படம் எடுத்து வந்து, டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கோடுகள்கூட எழுந்து வரும்.

தரையும் அவ்வளவு முக்கியம். ஒதுக்குக்குள் அடுப்பு மூட்டிச் சமைத்தால் உங்கள் விறகுக் கரி அந்த மண்ணில் கலக்கும். தூணுக்குக் குழி தோண்டினால் அடுக்கு போயிற்று. கல் அழகாக இருக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது எந்த மட்டத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துவிடும், வீட்டு ஷோகேஸில் வெறும் கல்தான் இருக்கும்.

ஊருக்குப் போனபோது யாரும் பதிவு செய்யாத ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். என்ன செய்யலாம்?

பக்கத்தில் ஒரு அளவுகோல், இல்லையென்றால் ஒரு பேனாவை வைத்து (ஓவியத்தில் படாமல்) படம் எடுங்கள். தூரத்திலிருந்து பாறை முழுவதையும், பிறகு ஒதுக்கின் தரையையும், மண் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுங்கள். எல்லோரும் ஓவியத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள், தரைப் படம் வருவதே இல்லை. ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் முகநூலில் போடாதீர்கள், போட்ட வாரமே பெயர் கிறுக்க ஆள் போய்விடும். மாவட்டத்தில் உள்ள தொல்லியல் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் அந்தப் பாறைக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.